நகருக்குக் குடிநீர் வேண்டிக் குளத்தைப் பெருப்பித்தல்: சுற்றாடல் மதிப்பீட்டில் கமக்காரர் நோக்க வேண்டியவை

வறண்ட வலயத்திலுள்ள பெருங்குளங்கள் பெரும்பாலும் நெற்செய்கைக்கெனக் கட்டப்பட்டவை. நகரங்கள் பெருகி, அவற்றின் கிணறுகளும் பழுதடையவே, அக்குளங்களிலிருந்து குடிநீரும் எடுக்கவேண்டிய நிலை பல இடங்களில் உண்டாகியுள்ளது. அவ்வேளையில் முதலிற் கூறப்படும் வழி குளக்கட்டை உயர்த்துவதாகும். கட்டு உயர்ந்தால் கொள்ளளவு கூடும். கூடிய பங்கை நகருக்குக் கொடுத்தால் கமக்காரனுக்கு நட்டமில்லை என்பது அவ்வழியின் நியாயம். இந்நியாயம் காகிதத்திற் சரியானதே. வயலில் அது எவ்வளவு தூரம் சரியாகும் என்பதையும், காடு, கழிமுகம், கிணறு, மீன் ஆகியவற்றுக்கு அதனால் விளைவது யாது என்பதையும் வேலை தொடங்குமுன் ஆராய்வதற்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்னும் முறை ஏற்பட்டது. அம்மதிப்பீட்டறிக்கையில் எதனைத் தேடுவது, எப்போது பேசுவது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

இரணைமடு

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலிற் கட்டியபடியே அக்குளம் இன்று இல்லை. பலமுறை உயர்த்தப்பட்டு, 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அது 34 அடி நீர்மட்டமும் ஏறக்குறைய 106,000 ஏக்கர் அடி கொள்ளளவும் உடையதாயிற்று. அதன்கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து பயிரைக் காக்கின்றன. சிறுபோகத்திலோ குளத்தில் எஞ்சியுள்ள நீரைப் பார்த்து, வயலின் ஒரு பகுதியை மாத்திரம் பங்கிட்டு விதைப்பதே வழக்கம். ஆகவே அங்கு நீர் குறைந்தது என்றால் சிறுபோகம் குறைந்தது என்றே பொருள்.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010 ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தில், இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீர் எடுப்பதாகக் கருதப்பட்டது. குளத்தின் நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தினால் கொள்ளளவு ஏறக்குறைய 119,000 ஏக்கர் அடியாகும். அதாவது 13,000 ஏக்கர் அடி கூடும். கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புக்கள் இதனை ஏற்கவில்லை. உள்ள நீரே சிறுபோகம் முழுவதற்கும் போதாதபோது மேலும் ஒரு பங்காளியைச் சேர்ப்பது எவ்வாறு என அவர்கள் கேட்டனர். வாதம் பல ஆண்டு நீடித்தது. ஈற்றில் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு நீர் கொண்டுசெல்லும் எண்ணம் கைவிடப்பட்டு, வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல அவ்வாலை 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. குளக்கட்டு உயர்த்தும் வேலை முன்னரே நிறைவேறி, 2018 டிசம்பரில் குளம் மீளத் திறந்து வைக்கப்பட்டது.

இரணைமடுவில் இவ்வினா இவ்வாறு முடிவுற்றது. ஆயினும் நகரங்கள் வளரும் இடமெங்கும் இதே வினா வேறு குளங்களைப் பற்றியும் எழும். அன்று எழுந்த வாதங்களை இன்று அமைதியாக எடுத்து அளந்து பார்ப்பது அதனாற் பயனுடையது.

யாழ்ப்பாணத்தின் தேவை

முதலில் ஒன்றைக் கூறுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேவை பொய்யானதன்று. அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அந்நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே அளவுக்குமிஞ்சிய இறைப்பைத் தடுத்தது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை. ஆதலால் நன்னீர்ப் படை மெலிய, உவர்நீர் மேலெழுகின்றது.

இதனோடு தோட்டக்காரர் விருப்பமின்றியேனும் கேட்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெண்காயம், மிளகாய், புகையிலை ஆகியவற்றுக்கு மிகையாக இடும் நைதரசன் பசளையில் பயிர் எடுத்ததுபோக எஞ்சுவது, இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் கிணற்றுக்கே இறங்குகின்றது. மலகூடக் குழிகளிலிருந்தும் அதே பொருள் வந்து சேரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாமல் நைத்திரேற்று இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. குடாநாட்டின் பல கிணறுகளில் அளவு இதற்கு மேற்பட்டுள்ளது. போத்தற்பால் குடிக்கும் சிசுக்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இந்நைத்திரேற்று குறைக்கும். எனவே ஒரு மாவட்டத்துத் தோட்டக்காணியில் வீணாக இடப்படும் யூரியா, அடுத்த மாவட்டத்துக் குளத்தின்மேல் உரிமை கேட்கும் காரணங்களுள் ஒன்றாகி விடுகின்றது. மதிப்பீட்டறிக்கைகளில் இத்தொடர்பு விரிவாக எழுதப்படுவது அரிது.

கொள்ளளவு வேறு, வரத்து வேறு

அறிக்கையில் முதலிற் கண்ணிற்படுவது கொள்ளளவு. கமக்காரர் அதனைத் தாண்டிச் சென்று, வரத்து எவ்வளவு எனப் பார்த்தல் வேண்டும். கட்டை உயர்த்துவதால் வானத்திலிருந்து ஒரு துளியேனும் கூடுதலாக விழுவதில்லை. முன்பு வான் பாய்ந்து சென்ற நீரை மறித்து வைக்கலாம், அவ்வளவே. ஆகவே, பழைய மட்டத்திற் குளம் வான் பாய்ந்த ஆண்டுகளில் மாத்திரமே புதிய இரண்டடிக்குப் பயன் உண்டு. பழைய மட்டத்தையே எட்டாத ஆண்டுகளில் அவ்விரண்டடி வெறும் மண்ணாக நிற்கும்.

நகரின் தேவையோ வேறுவகையானது. அது குளம் நிறைந்ததா குறைந்ததா எனப் பாராமல், ஒவ்வொரு நாளும் ஒரே அளவாகக் கேட்கும். பஞ்ச ஆண்டிலே, பிற கிணறுகளும் வற்றுவதால், சற்றுக் கூடுதலாகவும் கேட்கும். வயலைப் பாதிக்கு விதைக்கலாம். நகரத்தவர் பாதிப்பேருக்கு மாத்திரம் தண்ணீர் கொடுக்க இயலாது. குடிநீருக்கே முதலிடம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனாலேதான் இழப்பு முழுவதும் வயலின்மேல் வந்து விழுகின்றது. நீர் பெருகும் ஆண்டுகளின் இலாபம் இருவருக்கும் பொது. நீர் குறையும் ஆண்டுகளின் நட்டம் ஒருவருக்கு. இதனை ஈடுசெய்யும் ஏற்பாடு யாது என்பதே அறிக்கையில் தேடவேண்டிய முதன்மையான விடயம்.

இனி இலக்கங்களைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் அடி நீர் 1,233 கன மீற்றராகும். ஆகவே 27,000 கன மீற்றர் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ஏக்கர் அடி. ஆண்டொன்றுக்கு 8,000 ஏக்கர் அடி. கூடுதலான 13,000 ஏக்கர் அடியோடு ஒப்பிட்டால் இது அடங்கிப் போகின்றது. ஆனால் மழை பிழைத்த ஓர் ஆண்டில், தை மாத முடிவிலே குளத்தில் 50,000 ஏக்கர் அடி நீரே நிற்பதாகக் கொள்வோம். புதிய கொள்ளளவால் அவ்வாண்டு ஒரு பயனும் இல்லை. நகரின் 8,000 ஏக்கர் அடி உள்ளதில் ஆறிலொரு பங்காகி விடும். சிறுபோக நெல் ஏக்கர் ஒன்றுக்குத் துருசு வாயிலில் 5 ஏக்கர் அடி நீர் செல்கின்றது என்று வைத்துக்கொண்டால், அது 1,600 ஏக்கர் வயலின் நீராகும்.

கணக்கை நேர்மையாகச் செய்வதானால் மறுபக்கத்தையும் சொல்லல் வேண்டும். குளம் வான் பாயும் ஆண்டில், மார்கழியிலும் தையிலும் நகருக்கு எடுக்கும் நீர் எப்படியும் வெளியே செல்லவிருந்த நீரே; அதனால் வயலுக்கு நட்டம் இல்லை. அத்தகைய ஆண்டில் வறண்ட 200 நாட்களுக்கு எடுப்பதை மாத்திரம் கணக்கிட்டால் 4,400 ஏக்கர் அடி வரும். அதனைப் புதிய இரண்டடி தாராளமாகத் தாங்கும். ஆகவே “நகருக்குக் கொடுத்தால் வயல் அழியும்” என்பதும் “கட்டை உயர்த்தினால் நட்டமே இல்லை” என்பதும் எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தா. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை குளம் வான் பாய்கின்றது என்பதிலேயே உண்மை தங்கியுள்ளது. முப்பது ஆண்டுக் குளமட்டப் பதிவை ஆண்டாண்டாகப் பிரித்துக் காட்டாமல், சராசரி வரத்தை மாத்திரம் காட்டும் அறிக்கை கமக்காரனுக்குப் போதாது.

வெயில் குடிக்கும் நீர்

மேலே கூறிய இலக்கங்களிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கின்றது. இரண்டடி நீர் 13,000 ஏக்கர் அடியானால், அம்மட்டத்தில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 6,500 ஏக்கர் ஆதல் வேண்டும். வறண்ட வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது. 6,500 ஏக்கர் பரப்பில் இது நாளொன்றுக்கு 100 ஏக்கர் அடிக்குச் சற்று மேற்படும். நகருக்குக் கொடுக்கக் கருதிய நீரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு நீரை, நிறைகுளத்திலிருந்து வெயிலும் சோளகக் காற்றும் எடுத்துக்கொள்கின்றன.

குளத்தை உயர்த்தினாலும் உயர்த்தாவிட்டாலும் இதிற் பெரும்பங்கு போகவே செய்யும். ஆனால் உயர்த்திய குளம் மேலும் பரந்து, ஆழமற்ற கரைகளிலே படர்வதால் இழப்புக் கூடும். மேல்மட்ட நீரை ஆவணி வரை சேமித்து வைக்கலாம் என எண்ணுவது அதனால் நட்டமான எண்ணம். அதனை முந்திப் பயன்படுத்துவதே தகும். சிறுபோக விதைப்பைப் பங்குனி முடிவிலே தொடங்கி, ‘பீஜீ 300’ போன்ற மூன்றுமாத நெல்லை இட்டால் ஆனி மாதக் கடுங்காற்றின் நடுவே வயல் நீர் கேட்டு நிற்காது. நீர் நன்கு வடியும் மேட்டு வயல்களில் உழுந்து, பயறு, நிலக்கடலை இடுதல் இதனினும் சிறந்தது. காலபோகத்திலும், முதல் மழைக்கு முன் புழுதியில் விதைப்போர் குளத்து நீரை நிலம் பண்படுத்துவதில் செலவிடுவதில்லை. இம்முறைகள் நகரம் நீர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நன்மை தருவன.

குளத்திற்கு மேலும் கீழும்

நீர்மட்டம் உயரும்போது அலைகரையிலுள்ள காணிகளும் காடும் நீரில் மூழ்கும். இரண்டடி என்பது செங்குத்தாக இரண்டடியே ஆயினும், தட்டையான வன்னி நிலத்தில் அது பக்கவாட்டில் நெடுந்தூரம் செல்லும். மேய்ச்சற்றரை மூழ்கினால் மாடுகள் வேறிடம் தேடும், யானையும் அவ்வாறே. அலைகரையில் மேய்ந்த யானை அதன்பின் எவ்வழியால் வரும் என்பதை மதிப்பீட்டாளர் வரைபடத்தைப் பார்த்து அறிய முடியாது. அவ்வூரார் அறிவர்.

கீழ்ப்பக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. கனகராயன் ஆறு சுண்டிக்குளம் கடல்நீரேரியிற் சென்று விழுகின்றது. வான் பாய்ந்து செல்லும் நீரை வீண்நீர் எனக் கூறுவது பலருடைய வழக்கம். அந்நீர் கடல்நீரேரியின் உவர்த்தன்மையைக் குறைத்து, இறாலும் மீனும் பெருகத் துணைசெய்கின்றது. பறவைகளுக்கு இரையும் அதனாலேயே கிடைக்கின்றது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமும், ஆனையிறவுக் கடல்நீரேரியை அடையும் இத்தகைய வெள்ளநீரைத் தடுத்து நன்னீராக்கிக் குடாநாட்டின் உட்பகுதிக்குக் கொண்டுசெல்வதையே அடிப்படையாகக் கொண்டது. மேலே குளத்தில் மறிக்கும் நீர் கீழே கிடைக்காது. ஆதலால் ஒரே ஆற்றின் நீரை இரண்டு திட்டங்களும் தத்தம் கணக்கிற் சேர்த்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

குளத்தின் கீழ்ப்புறத்துக் கிணறுகளும் கணக்கில் வருவன. வாய்க்காலிலும் வயலிலும் கசியும் நீராலேயே அவை நிரம்புகின்றன. சிறுபோகப் பரப்புக் குறைந்தால், வயலில்லாத தோட்டக்காரனுடைய கிணறும் வற்றும். அவன் எந்தக் கமக்காரர் அமைப்பிலும் அங்கத்தவனாக இல்லாமலிருக்கலாம்.

வெள்ளத்தைப் பற்றியும் சில சொற்கள். 2018 டிசம்பர் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையின்போது இரணைமடு நிறைந்திருந்தது. வான்கதவுகள் திறக்கப்பட, கீழ்நிலக் கிராமங்களும் வயல்களும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. குடிநீருக்காகவும் நீர்ப்பாசனத்திற்காகவும் குளத்தை நிறைத்து வைக்கவே அனைவரும் விரும்புவர். வெள்ளத்தை ஏற்பதற்கோ குளத்தில் வெற்றிடம் வேண்டும். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. எந்த மாதத்தில் எந்த மட்டத்திற்குமேல் நீரை வைத்திருப்பதில்லை என்னும் விதியும், கதவைத் திறக்குமுன் ஊருக்கு அறிவிக்கும் ஒழுங்கும் அறிக்கையில் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பிறநாட்டில் நடந்தது

இத்தகைய ஏற்பாடுகளை எழுத்தில் வைப்பது இயலுமா என ஐயுறுவோர்க்கு, ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரின் குறோஸ் நீர்த்தேக்கம் பயனுள்ள உதாரணம். அதன் கொள்ளளவை 42,000 ஏக்கர் அடியிலிருந்து 119,000 ஏக்கர் அடியாக்குவதற்கு அணையை 131 அடி உயர்த்தத் திட்டமிடப்பட்டது. (முடிவான கொள்ளளவு இரணைமடுவினதைப் போன்றதே ஆயினும், நெருங்கிய மலைப்பள்ளத்தில் அணை கட்டுவதால் உயரம் இவ்வளவு வேறுபடுகின்றது.) மதிப்பீட்டு வேலை 2003 இல் தொடங்கி, அனுமதி 2017 இலேயே கிடைத்தது, கட்டுமான வேலை 2022 இல் ஆரம்பமாயிற்று. பெருப்பித்த நீர்த்தேக்கத்தில் 5,000 ஏக்கர் அடி இடம், வறண்ட மாதங்களில் கீழுள்ள ஓடைக்கு நீர் விடுவதற்கெனத் தனியாக ஒதுக்கப்பட்டது. அதுபோலச் சிறுபோகத்திற்கெனவும் ஒரு மட்டத்தைக் குறித்து ஒதுக்கலாம் என்பதே இங்கு கொள்ளத்தக்கது.

அங்கும் எல்லாம் நன்றாக முடியவில்லை. அணை பாதி எழும்பிய நிலையில், 2024 அக்டோபரில் நீதிமன்றம் அம்மதிப்பீடு குறையுடையது எனத் தீர்ப்பளித்தது. காலநிலை மாற்றத்தால் ஆற்றுநீர் குறைவதையும், வேறு வழிகளையும் போதிய அளவு ஆராயவில்லை என்பது காரணங்களுட் சில. பதினான்கு ஆண்டு ஆராய்ந்தும் விடுபட்டவை இவையெனின், நமது அறிக்கைகளிலும் அவ்விரண்டையும் முதலிற் புரட்டிப் பார்ப்பது நன்று.

மாற்றுவழிக்கும் மதிப்பீடு வேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் ஆலையில் ஒரு கன மீற்றர் நீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். உட்கொள்ளும் கடல்நீரில் பாதிக்கு மேற்பட்டது, உப்புச் செறிந்த கழிவாகக் கடலுக்கே திரும்பும். வடமராட்சி கிழக்கு மீனவர் இதுபற்றி எழுப்பிய அச்சம், கிளிநொச்சிக் கமக்காரர் எழுப்பிய அச்சத்தைப் போன்றதே. வயலின் சுமை கடற்கரைக்கு மாறியதேயன்றி மறைந்துவிடவில்லை.

சட்டமும் 30 நாட்களும்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தில் 1988 இற் செய்யப்பட்ட திருத்தத்தால், குறிக்கப்பட்ட வகைத் திட்டங்களுக்கு அனுமதி பெறுமுன் மதிப்பீடு செய்வது கட்டாயமாயிற்று. 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த பட்டியலில், சிறு நீர்ப்பாசன வேலைகள் தவிர்ந்த ஆற்றுப்படுகை அபிவிருத்தித் திட்டங்களும் நீர்ப்பாசனத் திட்டங்களும் அடங்கும். மதிப்பீடு இருவகை: ஒன்று சுருக்கமான தொடக்கச் சுற்றாடல் ஆய்வு, மற்றது விரிவான சுற்றாடல் தாக்க மதிப்பீடு. விரிவான அறிக்கை ஆயத்தமானதும், வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியாகும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் அறிக்கையைப் பார்வையிட்டுத் தமது கருத்தை எழுத்தில் அனுப்பலாம். சுருக்க ஆய்வுக்கு, 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இந்த 30 நாள் ஏற்பாடு இல்லை. எனவே தமது குளத்தைப் பற்றி எவ்வகை ஆய்வு கேட்கப்பட்டுள்ளது என்பதைக் கமக்காரர் அமைப்பு ஆரம்பத்திலேயே மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் விசாரித்து அறிதல் வேண்டும். அறிக்கை வெளிவந்தபின் விசாரிப்பது காலங்கடந்த செயல்.

முப்பது நாட்கள் விரைவிற் கழியும். அதுவும் அறுவடைக் காலமாயின் கேட்கவேண்டியதில்லை. ஆகையால் சான்றுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்தல் வேண்டும். 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில், ஒவ்வொரு சிறுபோகத்திற்கும் குளமட்டம் எவ்வளவு இருந்தது, எத்தனை ஏக்கர் அனுமதிக்கப்பட்டது என்பவை பதியப்படுகின்றன. அப்பதிவின் பிரதியொன்றை அமைப்பின் செயலாளர் ஆண்டுதோறும் எடுத்து வைத்தல் நன்று. அனுமதித்த பரப்பு ஒன்று, அறுவடையான பரப்பு மற்றொன்று. வாய்க்காலின் கடைக்கோடியில் நீர் எட்டாமற் கருகிய ஏக்கர்களை அவ்வப்போதே குறித்து வையாவிட்டால், பின்னர் அவை எவருடைய கணக்கிலும் வருவதில்லை. நீர் விட்ட நாளும் நிறுத்திய நாளும் குறிக்கப்படல் வேண்டும். குளத்தின் கீழுள்ள கிணறுகளில் நான்கைந்தைத் தெரிந்து, மாதத்தின் முதல் நாளில், காலை இறைப்புக்கு முன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வரலாம். இதற்கு வேண்டியது அடி குறித்த ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் இதனைச் செய்ய முடியும். ஆனால் வைகாசி முதல் புரட்டாதி வரை ஒரு மாதமும் தவறாமல் அளத்தல் வேண்டும்.